மான்செஸ்டரில் காண்பனவும் கொள்வனவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசவல்ல புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில் ஓர் ஊரைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். காரணம் எளிது. நம் காலனியில் பல வீடுகளில் மகனோ மகளோ இங்கிலாந்தில் படிக்கின்றனர். சிலர் அங்கேயே வேலையிலும் அமர்ந்துவிட்டனர். பெற்றோர் கோடையில் ஒருமுறை சென்று வருகின்றனர். திரும்பி வந்தோரைக் கேட்டால், "லண்டன் பார்த்தோம், அரண்மனை பார்த்தோம், கோபுரக் கடிகாரம் பார்த்தோம்" என்பர். பிள்ளை குடியிருக்கும் ஊர் எப்படி என்று கேட்டால், "மான்செஸ்டரா? அங்கே என்ன இருக்கிறது! கடைகள்தாம் இருக்கின்றன" என்பர். கடைகள் இருப்பது மெய். கடைகள்தாம் இருக்கின்றன என்பது மெய்யன்று. இரண்டு பயணங்களிலுமாக ஏழு வாரம் அந்நகரில் நடந்து திரிந்தவன் என்ற உரிமையால் சில சொல்கிறேன்.

மான்செஸ்டர் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். அகமதாபாத்தையும் அப்பெயரால் அழைத்தனர். நாம் குடியேறி வாழும் இந்தப் பம்பாயில் முதல் பஞ்சாலையை நிறுவ 1854-ஆம் ஆண்டு திட்டமிட்டபோது, அதற்கான இயந்திரங்களுக்காக நாடியது மான்செஸ்டருக்கு அடுத்துள்ள ஓல்டாம் ஊரின் பிளாட் சகோதரர்கள் கம்பெனியை. ஆகவே பரேலிலும் லால்பாகிலும் நம் முன்னோர் கேட்ட தறியோசைக்கு மூல ஊர் அதுதான். பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பெயருக்குரிய ஊரின் முகத்தை நம்மில் பலர் அறியோம்.

முதலில் சிறிது வரலாறு. பொறுத்தருள்க. 1761-ஆம் ஆண்டு பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம் சுரங்கத்து நிலக்கரியைக் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டினார். நகரத்தில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது. மலிந்த கரி, ஈரக் காற்று, அருகே லிவர்ப்பூல் துறைமுகம் ஆகிய மூன்றும் கூடின. ஈரக் காற்றில் பருத்தி நூல் எளிதில் அறுந்து போகாது. அந்த மழையைப் பற்றி ஒரு வார்த்தை: மான்செஸ்டரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை, சராசரிக் கணக்கில், 900 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. நம் பம்பாயில் ஜூலை மாதம் ஒன்றிலேயே அந்த அளவுக்குக் கொட்டிவிடக் கூடும். நாம் ஒரே மூச்சில் நனைகிறோம். அவர்கள் ஆண்டெல்லாம் சிறுகச் சிறுக நனைகின்றனர். மூட்டை கட்டும்போது குடையை மறக்காதீர்கள்.

1913-ஆம் ஆண்டில் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கஜம். பெரும்பாலும் அது லங்காஷயர் ஆலைகளின் துணி. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வாங்கியது இந்தியா ஒன்றே. அந்த ஒரு கணக்கிலேயே நம் நாட்டு நெசவாளர் தெருக்களின் துயரம் அடங்கியிருக்கிறது. பின்னர்க் காலம் திரும்பியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1968-இல் பஞ்சுச் சந்தை முடிந்தது. 1982-இல் கப்பல் துறைகள் மூடப்பட்டன. 1931-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏழரை இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கு இலட்சம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நகர நடுவில் அலுவலக நேரம் முடிந்தால் ஆள் நடமாட்டம் அரிதாயிற்று.

அந்நிலையில்தான் 1996-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், சனிக்கிழமை, கடைவீதி நிறைந்திருந்த முற்பகல் வேளையில், ஐரிஷ் குடியரசுப் படையினர் ஒரு வண்டியில் வைத்த குண்டு வெடித்தது. ஏறத்தாழ 1,500 கிலோ வெடிமருந்து. முன்னதாக எச்சரிக்கை வந்திருந்ததால் போலீசார் எழுபதினாயிரம் பேருக்கு மேல் அப்புறப்படுத்தினர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்; ஓர் உயிரும் போகவில்லை. கடைகளும் அலுவலகங்களும் கண்ணாடித் தூளாயின. கார்ப்பரேஷன் தெருவில் வெடித்த இடத்துக்கு மிக அருகே நின்றிருந்த சிவப்பு அஞ்சல் பெட்டி மட்டும் அசையாமல் நின்றது. இன்றும் அது அங்கே நிற்கிறது. சிறு பித்தளைத் தகடு ஒன்று செய்தியைச் சொல்கிறது. என் மனைவி அதில் ஒரு தபால் அட்டையை இட்டாள். ஒன்பதாம் நாள் இங்கே வந்து சேர்ந்தது.

குண்டுதான் நகரத்தைப் புதுப்பித்தது என்று சிலர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அது அவ்வளவு சரியன்று. 1992-லேயே டிராம் வண்டிகள் மீண்டும் தெருவில் ஓடத் தொடங்கிவிட்டன. ஹாலே இசைக் குழுவுக்காகக் கட்டிய பிரிட்ஜ்வாட்டர் மண்டபம் குண்டு வெடித்தபோது முடியும் தறுவாயில் இருந்தது. எழ வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்தது. இடிந்த இடத்தை எப்படிக் கட்டுவது என்ற கேள்வியைக் குண்டு விரைவுபடுத்தியது, அவ்வளவே. 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை மீண்டும் ஐந்தரை இலட்சம்.

இனி ஊரைப் பார்க்கலாம். நான் சொல்லும் முதல் சுற்றுக்கு வண்டி வேண்டாம். கால்கள் போதும், ஒரு நாள் போதும்.

ராயல் எக்ஸ்சேஞ்சில் தொடங்குங்கள். பஞ்சும் நூலும் துணியும் விலை பேசப்பட்ட மண்டபம் அது. உச்ச காலத்தில் 11,000 பேருக்கு மேல் உறுப்பினராக இருந்தனர். செவ்வாயும் வெள்ளியும் பெரிய சந்தை நாட்கள். தொப்பியணிந்த வணிகர் தோளோடு தோள் உரச நின்று, எழுத்தொன்றும் இன்றி வாய்ச் சொல்லிலேயே ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கு விலை முடித்தனர். இன்று அம்மண்டபத்தின் நடுவே, விண்வெளி ஓடம் ஒன்று இறங்கி நிற்பது போலக் கண்ணாடியும் இரும்புமாக ஒரு வட்ட நாடக அரங்கு இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு திறந்தனர். அதன் எடையைப் பழைய தரை தாங்காது என்பதால், பக்கத்துப் பெருந் தூண்களிலிருந்தே அதைத் தொங்கவிட்டிருக்கின்றனர். நாடகம் பார்க்காவிட்டாலும் அண்ணாந்து சுவரைப் பாருங்கள். சந்தையின் கடைசி நாளன்று எழுதிய பஞ்சு விலைகள் பலகையில் அப்படியே நிற்கின்றன. அழித்துவிட்டு விளம்பரம் மாட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதை விட்டுவைத்த அறிவைத்தான் நான் வியந்தேன்.

வெளியே வந்தால் செயின்ட் ஆன் சதுக்கம். அமைதியான பழைய கடைகள். அடுத்து பார்ட்டன் ஆர்க்கேட் என்ற 1871-ஆம் ஆண்டுக் கண்ணாடிக் கூரைச் சந்து. சற்று வடக்கே சென்றால் குண்டுக்குப் பின் எழுந்த புதிய எக்ஸ்சேஞ்ச் சதுக்கம். அதன் அருகே ஒரு விந்தை உண்டு. 1552-ஆம் ஆண்டு கட்டிய ஓல்ட் வெலிங்டன் என்னும் மரச் சட்டக் கட்டடத்தைப் புது நகரத் திட்டத்துக்கு இடையூறு என்று இடிக்காமல், பிரித்தெடுத்து ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் 1999-இல் மீண்டும் நிறுத்தினர். அது மதுக்கடை. நம்மவர் பலருக்கு உள்ளே வேலையில்லை. வெளியே நின்று பார்ப்பதற்குத் தடையுமில்லை.

எதிரே கதீட்ரல். அதன் பக்கத்தில் நின்றபோது தமிழ்க் குடும்பம் எதுவும் ஒரு நிமிடம் பேச்சற்றுப் போகும். ஒன்பது அடி உயரத்தில் வெண்கலக் காந்தியடிகள் நடந்து வருகிறார். ராம் சுதார் வடித்த சிலை. 2019 நவம்பரில் திறந்து வைத்தனர். பல்கலைக்கழக மாணவருள் சிலர் அப்போது எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்மை. எனினும் லங்காஷயர் பஞ்சாலை நாட்டில் காந்தியடிகளுக்குச் சிலை என்பது சிறு செய்தியா? 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்காக வந்திருந்தவர், லங்காஷயருக்குப் போய் வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைப் பார்த்தார். அந்நியத் துணி விலக்கால் தங்கள் வேலை போயிற்று என்று எண்ணியிருந்த மக்கள் அவர்கள். டார்வென் ஊரில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து கைதூக்கி ஆரவாரிக்கும் புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். எதிரியின் வீட்டு வாசலில் போய் நின்று அவன் வறுமையை விசாரித்தவரை அவர்களும் அறிந்துகொண்டனர்.

அக்கதீட்ரல் அருகேயே வெண்சலவைக் கல்லால் வட்டமாக அமைத்த ஒரு நினைவிடம் இருக்கிறது. 2017 மே 22 அன்று இசை நிகழ்ச்சி முடிந்து வெளிவந்தோர்மேல் நடந்த குண்டுத் தாக்குதலில் இறந்த 22 பேருக்காக அமைத்தது, பலர் சிறார். அங்கே உரக்கப் பேசாதீர்கள். அந்நாளுக்குப் பிறகு தேனீச் சின்னம் ஊரெங்கும் பரவியது. தேனீ இந்நகரின் பழைய முத்திரை. ஓயாத உழைப்பின் அடையாளம். நகர மன்றத் தரையில், குப்பைத் தொட்டியில், இப்போது மஞ்சள் நிறப் பேருந்திலும் கூட அதைக் காணலாம்.

ஐந்து நிமிட நடையில் செத்தாம் நூலகம். 1653-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆங்கிலம் பேசும் உலகில் மிகப் பழைய பொது நூலகம் என்பர். 1845-ஆம் ஆண்டுக் கோடையில் கார்ல் மார்க்சும் ஏங்கெல்சும் உடன் அமர்ந்து படித்த சன்னலோர மேசையைக் காட்டுகின்றனர். ஏங்கெல்ஸ் இவ்வூரில் தம் தந்தைக்குப் பங்குள்ள நூல் ஆலையில் பணியாற்றியவர். தொழிலாளர் குடிசைகளைக் கண்டு அவர் எழுதிய புத்தகம் அதே 1845-இல் வெளிவந்தது. முதலாளியின் மகன் எழுதிய புத்தகம்!

டீன்ஸ்கேட் தெருவில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தைத் தவறவிடாதீர்கள். இந்த ஊரில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன். ஜவுளியால் பெருஞ்செல்வரான ஜான் ரைலண்ட்ஸ் இறந்தபின், அவர் மனைவி என்ரிக்கெட்டா அம்மையார் கணவர் நினைவாக எழுப்பியது. 1900-ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்தார். உள்ளே போனால் கோவிலா நூலகமா என்று ஐயம் எழும். செந்நிறக் கல் வளைவுகள், வண்ணக் கண்ணாடி, வரிசையாகச் சிறு சிறு படிப்பறைகள். யோவான் நற்செய்தியின் மிகப் பழைய துண்டு எனப் போற்றப்படும் பாப்பிரஸ் சிறு தாள் இந்நூலகத்தின் உடைமை, உள்ளங்கையில் அடங்கும். கூட்டன்பர்க் அச்சிட்ட விவிலியப் படியும் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. நம் ஊர்ச் செல்வர் பலர் மனைவி நினைவாகவும் கணவர் நினைவாகவும் கல்யாண மண்டபம் கட்டுகின்றனர். குறை சொல்லவில்லை, கல்யாண மண்டபமும் வேண்டும்.

செயின்ட் பீட்டர் சதுக்கத்தில் மத்திய நூலகம் இருக்கிறது. வட்ட வடிவம், 1934-இல் திறந்தது. மேல்மாடி வாசகசாலையின் குவிமாடத்தின் கீழ் ஒருவர் இருமினால் மண்டபம் முழுதும் இருமுகிறது. அதே சதுக்கத்தில் போர் நினைவுக் கல் ஒன்று நிற்கிறது. அமைத்தவர் லட்யன்ஸ்; புது தில்லியை வரைந்த அதே லட்யன்ஸ். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எம்மெலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரின் சிலை 2018 டிசம்பரில் இங்கே வைக்கப்பட்டது. அவர் இவ்வூர்க்காரர்.

இந்தச் சுற்றுப்புறம்தான் 1819 ஆகஸ்ட் 16 அன்று பீட்டர்லூக் கொலை நடந்த வெளி. அன்று மான்செஸ்டருக்குப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர், பெண்களும் குழந்தைகளுமாக, அமைதியாகக் கூடினர். குதிரைப் படை வாளுருவிப் பாய்ந்தது. இறந்தோர் 18 பேர் என்பர், காயமுற்றோர் நூற்றுக்கணக்கில். ஜாலியன்வாலா பாக்கை மறவாத நமக்கு இந்த இடம் அந்நியமன்று. நூறு ஆண்டு முன்னதாகத் தம் மக்கள் மீதே செய்திருக்கின்றனர். நினைவுச் சின்னம் எழுப்ப இருநூறு ஆண்டு ஆயிற்று, 2019-இல்தான் எழுப்பினர்.

அவ்வெளியின்மேல் பின்னால் எழுந்ததுதான் தடையிலா வாணிக மண்டபம். இப்போது ஓட்டல். வாணிகத்துக்கு வரி கூடாது என்ற முழக்கம் அங்கே எழுந்தது. அம்முழக்கத்தைக் கேட்கும்போது 1721-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது. நம் நாட்டிலிருந்து போன சீட்டித் துணியை உடுத்துவதையே அன்று இங்கிலாந்தில் தடை செய்திருந்தனர். கைத்தறியை வெல்லும் இயந்திரம் கையில் வந்தபிறகே தடையிலா வாணிகம் அறமாகத் தோன்றியது.

லிங்கன் சதுக்கத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் ஆலைகள் மூடி, குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அப்போதும் மான்செஸ்டர்த் தொழிலாளர் கூட்டம் கூடி அடிமை விலக்குப் பக்கமே நின்றனர். 1863 ஜனவரியில் லிங்கன் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அதே பஞ்சத்தின் மறுபக்கம் நம் பம்பாய்க்குத் தெரியும். அமெரிக்கப் பஞ்சு இல்லாததால் இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறி, இங்கே பணம் வெள்ளமாய்ப் புரண்டு, பங்குச் சூதாட்டம் மூண்டு, 1865-இல் போர் முடிந்ததும் ஒரே நாளில் கோடீசுவரர் பலர் கடனாளி ஆயினர்.

குழந்தைகளோடு செல்வோர் காசில்ஃபீல்டு பக்கம் போகலாம். உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய பயணிகள் ரயில் நிலையம், 1830-இல் லிவர்ப்பூல் பாதைக்காகத் திறந்தது, அங்கே அறிவியல் தொழில் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. பஞ்சு மூட்டை நூலாகித் துணியாகும் வரை பழைய இயந்திரங்களை ஓட்டிக் காட்டுகின்றனர். ஒரு தறியின் ஓசையே காதைப் பிளக்கிறது. ஒரே கூடத்தில் பல நூறு தறிகளை எண்ணிப் பாருங்கள். நெசவுப் பெண்கள் உதட்டசைவால் பேசிக்கொண்டனராம். நினைவகத்தில் இட்ட நிரலின்படி இயங்கிய உலகின் முதல் மின்னணுக் கணிப்பொறி 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் ஓடியது. அதன் மறுபடைப்பும் இங்கே உண்டு. மென்பொருள் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் தொழிலின் பிறந்த வீட்டைப் பார்க்கட்டும்.

மான்செஸ்டர் மியூசியத்தில் 2023 பிப்ரவரியில் தெற்காசியக் கூடம் ஒன்று திறந்தனர். வழக்கமாக அருங்காட்சியகத்தார் நம் பொருளுக்கு எழுதும் விளக்கத்தை நாம் படிப்போம். இங்கே தெற்காசிய வழிவந்த 30 பேர் கொண்ட குழு, எதை வைப்பது, எப்படிச் சொல்வது என்று தாமே உடனிருந்து முடிவு செய்தது. நுழைவு இலவசம். நகரின் பெரிய கலைக்கூடங்களும் இலவசமே.

சால்ஃபோர்டு கப்பல் துறைக்கு டிராமில் செல்லலாம். அது தனி நகரம். அவ்வூரார் காதில் விழ மான்செஸ்டர் என்று சொல்லிவிடாதீர்கள். கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் வர 36 மைல் கால்வாய் வெட்டி 1894-இல் திறந்தனர். துறை மூடியபின் பாழாய்க் கிடந்த இடத்தில் இன்று லௌரி கலைக்கூடம், போர் அருங்காட்சியகம், பி.பி.சி. நிலையம் எல்லாம் நிற்கின்றன. லௌரி என்ற ஓவியர் ஆலைப் புகைக்கூண்டுகளின் கீழ்த் தீக்குச்சி போன்ற மனிதர்கள் விரைவதை வரைந்தவர். புகை போய்விட்டது, ஓவியத்தில் மட்டும் இருக்கிறது.

தாய்மார்கள் கடைகளைப் பற்றி எப்போது சொல்வீர் என்று முகத்தால் கேட்கின்றனர். சொல்கிறேன். மார்க்கெட் தெருவும் ஆர்ண்டேல் அங்காடியும் அன்றாட விலைக்கு. ஆர்ண்டேலை 1970-களில் மஞ்சள் ஓடு பதித்துக் கட்டியபோது, நீளமான கழிப்பறைச் சுவர் என்று ஊரே நகைத்தது. குண்டுக்குப் பின் அந்த ஓடுகளிற் பலவற்றை எடுத்துவிட்டனர். கிங் தெருவும் நியூ கதீட்ரல் தெருவும் பார்வைக்கு. விலைச் சீட்டைத் திருப்பிப் பாராமல் கையை நீட்ட வேண்டாம். நகருக்கு வெளியே டிராஃபோர்டு சென்டர் என்று 1998-இல் திறந்த பேரங்காடி இருக்கிறது. சலவைக்கல், பொன் முலாம், குவிமாடம் எல்லாம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் செலவில் நடந்த கல்யாணம் போல் இருந்தது எனக்கு. என் மனைவி இக்கருத்தை ஏற்கவில்லை.

மனத்துக்கு உகந்தது நார்தர்ன் குவார்ட்டர் என்ற பழைய பண்டகசாலைப் பகுதி. பழைய மீன் சந்தைக் கட்டடத்தில் கைவினைஞர் கூடம் வைத்திருக்கின்றனர். செய்பவரிடமே கேட்டு வாங்கலாம். அருகே ஆஃப்ளெக்ஸ் என்ற பல மாடிக் கடை, இளைஞர்க்கானது. வில்ம்ஸ்லோ சாலையில் நம் நாட்டு உணவுக் கடைகளும் புடவைக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. மரக்கறி உண்போர் அஞ்ச வேண்டாம். 1809-லேயே சால்ஃபோர்டில் கவ்ஹெர்டு என்ற பாதிரியார் புலால் மறுக்கச் சொல்லித் தம் சபையாருக்குப் போதித்தார்.

இரண்டு குறிப்புகள். ஞாயிறன்று பெரிய கடைகள் சட்டப்படி ஆறு மணி நேரமே திறந்திருக்கும். வெளிநாட்டார் வாங்கிய பொருளுக்கு விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறும் பழைய வசதி 2021 முதல் இல்லை; சென்றமுறை கிடைத்ததே என்று வரிசையில் நிற்காதீர்கள்.

பேரனுக்காக ஒரு பனியன் எடுத்தேன். மான்செஸ்டர்த் துணி என்று ஊரில் காட்டலாம் அல்லவா? கழுத்துச் சீட்டில் "இந்தியாவில் செய்தது" என்றிருந்தது. திருப்பூர்ப் பனியனாகவே இருக்கக் கூடும். ஒரு காலத்தில் நம் பஞ்சு அங்கே போய்த் துணியாகி இங்கே வந்தது. இப்போது நம் துணி அங்கே போய்த் தொங்குகிறது. அதை நான் ஆறு பவுன் கொடுத்து மீண்டும் இங்கே கொண்டுவந்தேன்.

புதுமை எல்லார்க்கும் எட்டிவிட்டதா என்றால், இல்லை. ஆன்கோட்ஸ் பகுதியில் பழைய நூல் ஆலைகளை இடிக்காமல் குடியிருப்பாக்கியிருக்கின்றனர். 1798-இல் தொடங்கிய மரே ஆலையின் செங்கற் சுவர் அழகாகத் துடைத்து நிற்கிறது. ஆனால் அந்த ஆலையில் உழைத்த குடும்பத்தின் வழிவந்தோர் இன்று அதன் வாடகையைக் கொடுக்கவல்லர் என்று நான் நம்பவில்லை. பிக்கடில்லி தோட்டத்தருகே இரவில் கடை வாசல்களில் படுத்திருப்போரையும் கண்டேன். இதை நாம் இங்கேயே அறிவோம். 1982-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் நம் கிரண்காவ் ஆலைகள் என்னவாயின? பீனிக்ஸ் ஆலை பேரங்காடியாயிற்று. தறி ஓட்டியவர் மகன் அதன் வாயிலில் பையைச் சோதிக்கிறான். மான்செஸ்டரில் ஆலையின் சுவரையும் விலைப் பலகையையும் அஞ்சல் பெட்டியையும் காத்து, இங்கே உழைத்தவர் இன்னார் என்று சொல்லவாவது சொல்கின்றனர். நாம் புகைக்கூண்டு ஒன்றை விட்டுவைத்து அதில் விளக்கு மாட்டினோம்.

ஆலை வாழ்வை முழுதும் காண வேண்டுவோர் விமான நிலையத்தருகே ஸ்டையல் ஊரிலுள்ள குவாரி பேங்க் ஆலைக்குப் போகலாம். 1784-இல் கிரெக் என்பார் கட்டியது. நீர்ச்சக்கரமும், ஆலையில் வேலை செய்த அநாதைச் சிறார் படுத்த விடுதியும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு கடை. இதற்காக ஒரு நாள் ஒதுக்குங்கள். விக்டோரியா நிலையத்தில் டிராம் ஏறினால் ராச்டேல் ஊர். டோடு சந்து என்ற சிறு தெருவில், 1844 டிசம்பர் 21 அன்று மாலை, ஏழை நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேமித்த 28 பவுன் முதலில் ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சிலதான் சரக்கு. கலப்படமில்லாப் பொருள், சரியான எடை, கடன் இல்லை, இலாபம் வாங்கியவர்க்கே அவர் வாங்கிய அளவில் பங்கு. இவ்வளவே அவர்கள் கொள்கை. உலகெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அது வழிகாட்டியாயிற்று. 1904-இல் சென்னையில் நம்மவர் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அதே நெறியில் பிறந்ததுதான். பங்குப் புத்தகமும் சர்க்கரைப் பையும் ஏந்தி அதன் கிளைகளில் வரிசை நின்ற பாட்டிமார் இந்த அவையிலேயே இருக்கின்றனர்.

கடை இப்போது அருங்காட்சியகம். தரைப் பலகை, தராசு, பீப்பாய் எல்லாம் பழைய மாதிரியில் வைத்திருக்கின்றனர். மொத்த அறையும் நம் காலனி நூலகத்தைவிடப் பெரிதன்று. உள்ளே இருந்த மூதாட்டியார் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பம்பாய் என்றேன், பூர்வீகம் சென்னைப் பக்கம் என்றும் சொன்னேன். திருவல்லிக்கேணிச் சங்கத்தைப் பற்றிச் சொன்னதும், தொடங்கிய ஆண்டைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பெயரை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. மூன்று முறை முயன்றார். நானும் மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்து இசை நிகழ்ச்சிக்குக் கலைஞர்கள் காத்திருக்கின்றனர். கோடையில் புறப்படுவோர் வழி விவரம் வேண்டுமெனில் ஞாயிறு மாலை நூலகத்தில் என்னைக் காணலாம். டிராம் வரைபடம் ஒன்றை அங்கே கொடுத்து வைத்திருக்கிறேன்.